பால் ஆகாதவள்

விடுதியின் சாப்பாட்டுக்கூடத்தில் நெரிடா பாஸ்கோ மற்றவர்களோடு வரிசையில் நிற்பதில்லை. வரிசையை விட்டு ஒதுங்கி, சமையலறைக் கதவை ஒட்டினாற்போல ஒரு சின்ன ஜன்னல் உண்டு. அங்கே போய் நின்று, யாராவது கவனிக்கும்வரை காத்திருப்பாள். தலைமைச் சமையல்காரர் கிளெனிஸ் பார்த்துவிட்டால் அவளுடைய தட்டு வரும். மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டி, அதன்மேல் தடித்த பேனாவில் அவள் பெயர் எழுதியிருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டியதே இல்லை. வேகவைத்த கோழி, வேகவைத்த உருளைக்கிழங்கு, வேகவைத்த பட்டாணி.

"இன்னிக்கு ஒரு மாறுதல், கண்ணு. பட்டாணியை இடப்பக்கம் வச்சிருக்கேன்" என்பார் கிளெனிஸ். அவருக்கும் முந்நூறு பேருக்குச் சமைத்த களைப்பு.

கிளெனிஸ் விடுப்பில் போய்விட்டால் வேறு யாராவது இருப்பார்கள். அன்றைக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

"எனக்குப் பால் ஆகாது. வெண்ணெய், சீஸ், க்ரீம், தயிர், எதுவும் ஆகாது."

"லாக்டோஸ் எடுத்த பால் இருக்கே. அது ஓகேதானே?"

"இல்ல, அதுவும் பால்தான். லாக்டோஸ்ங்கற பால் சர்க்கரை ஒத்துக்காதவங்களுக்கு வயிறு வலிக்கும். எனக்கு மூச்சு நின்னுடும்."

"கொஞ்சூண்டு கூடவா?"

"கொஞ்சூண்டு கூட."

ஹோபார்ட்டுக்கு வந்த நாளிலிருந்து இந்தப் பேச்சை அவள் சமையலறை ஆட்களிடம், வகுப்புத் தோழர்களிடம், காபிக் கடைகளில், விருந்துகளில், கடல் உயிரியல் சோதனைச்சாலையில்கூடப் பேசியிருக்கிறாள். எந்த இடத்தில் எதிராளி புருவத்தை உயர்த்துவார், எந்த இடத்தில் "பாவமே" வரும் என்பதெல்லாம் மனப்பாடம். "சீஸ் இல்லாம எப்படி உயிரோட இருக்க? நானா இருந்தா செத்தே போயிருப்பேன்" என்று சொல்லாதவர்கள் குறைவு. அதற்கென்று ஒரு சிரிப்பு வைத்திருந்தாள். உதடு மட்டும் சிரிக்கும். மற்றதெல்லாம் அப்படியே இருக்கும்.

இத்தனைக்கும் அவள் பால்காரர் வீட்டுப் பெண். ஹோபார்ட் இருக்கும் அதே தீவின் வடமேற்கு மூலையில், ஸ்மித்டன் ஊருக்கு வெளியே, காற்று ஓயாமல் அடிக்கும் புல்வெளியில் அவளுடைய அப்பா வெஸ் பாஸ்கோவுக்கு மாட்டுப் பண்ணை. விடியுமுன் ஒரு கறவை, பிற்பகலில் ஒரு கறவை. கிறிஸ்துமஸ் ஆனாலும் சாவு விழுந்தாலும் மாட்டு மடி காத்திருக்காது. அந்த வீட்டில் பிறந்த பிள்ளைக்கு அம்மா ரூத் முதல் தடவை புட்டிப்பால் கொடுத்தபோது, பாதிப் புட்டி காலியாகும் முன்னே முகம் உப்பி, உதடு நீலம் பாரித்துப்போயிற்று. வளர வளரச் சரியாகிவிடும் என்றார்கள் மருத்துவர்கள். பல குழந்தைகளுக்குச் சரியாகியும் விடுகிறது. இவளுக்கு ஆகவில்லை.

"உன் பொண்ணுக்கு உன் சோறே ஆகலையே, வெஸ்" என்று பக்கத்துப் பண்ணைக்காரர்கள் கிண்டல் செய்வார்கள்.

"அவ விவரமானவ. பாலுக்கு என்ன விலை குடுக்கறாங்கன்னு பொறக்கும்போதே தெரிஞ்சுகிட்டா" என்பார் வெஸ்.

வெளியில்தான் இந்தப் பேச்சு. கறவைக் கொட்டகையிலிருந்து வந்தால், புறத்தே இருந்த சலவை அறையில் குளித்து உடை மாற்றாமல் அவர் வீட்டுக்குள் கால் வைத்ததில்லை. "அப்பா" என்று ஓடிவரும் குழந்தையைப் பார்த்ததும் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, போலீஸ் வளைத்த திருடனைப்போல அடிமேல் அடியாகப் பின்வாங்குவார். குழந்தை அதை விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு சிரிக்கும்.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் அவளைத் தெரியும். பிறந்தநாள் என்றால் அவளுக்கு மட்டும் தனியாக ஒரு மிட்டாய் வரும். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அதுவே அவளுக்கு அலுத்துப்போயிற்று. பெயரைச் சொன்னால் வியாதியும் கூடவே ஞாபகத்துக்கு வருகிற ஊரைவிட்டு, தன்னை யாரென்றே தெரியாத இடத்துக்குப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் ஹோபார்ட்டில் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தாள். வந்து சேர்ந்த பிறகுதான் புரிந்தது. தெரியாதவர்கள் நடுவில் இருப்பதென்றால் ஒவ்வொருவருக்கும் தானே தெரியப்படுத்த வேண்டும்.

பொதுச் சமையலறையில் யாரோ வெண்ணெய் தடவிய கத்தியை அப்படியே போட்டிருப்பார்கள். வகுப்பில் சாக்லேட் பொட்டலம் கைக்குக் கை மாறி வரும். அவள் தொடாமல் அடுத்தவருக்குத் தள்ளிவிட்டு, பிறகு மேசையைத் துடைப்பாள். களப்பணிக்குத் தீவுகளுக்குப் போனால் மற்றவர்கள் ஒரு படுக்கைப் பையோடு வர, அவள் தனி அடுப்பும் தனிச் சட்டியும் சுமந்துகொண்டு போவாள். மதுக்கடைக்கு எல்லோரும் கிளம்பினால், அங்கே யார் எந்தக் க்ரீம் மதுவை எங்கே சிந்துவார்கள் என்று கண் அலைந்துகொண்டே இருக்கும். அம்மா தினமும் போன் செய்வாள். எப்படி இருக்கிறாய் என்று கேட்பதற்கு முன்னால் "ஊசி பையில இருக்கா?" என்றுதான் தொடங்குவாள். பையில் இரண்டு அட்ரினலின் ஊசிகள் எப்போதும் உண்டு, பேனா மாதிரி. உறையைக் கழற்றித் தொடையில் அழுத்தினால் மருந்து உள்ளே போய்விடும். அந்தப் பையில்லாமல் அவள் குளிக்கப் போனால் உண்டு, வேறெங்கும் போனதில்லை.

முதலாண்டின் குளிர்காலம் வந்தபோது அவளுக்கு இரண்டு பேர் நெருக்கமாகியிருந்தார்கள். ஒருத்தி எதிரறைக்காரி டார்சி வூலி. லான்செஸ்டனிலிருந்து சட்டம் படிக்க வந்தவள். வாயாடி. மழை பெய்தால் மழையோடும் சண்டை போடுவாள். இன்னொருவன் ஃபெர்கஸ், வனவியல் மாணவன். நெட்டையாக, எப்போதும் ஏதோ சொல்ல வந்து மறந்துவிட்டவன்போல் இருப்பான்.

ஃபெர்கஸும் நெரிடாவும் ஒரு மாலை சாண்டி பே கடற்கரையில் உட்கார்ந்திருந்தார்கள். மலையுச்சியில் பனி விழுந்து வெள்ளையாக இருந்தது. அவன் மெல்ல அவள் பக்கம் சாய்ந்தான். அவள் கையை அவன் மார்பில் வைத்துத் தடுத்தாள்.

"வரும்போது என்ன குடிச்ச?"

"காபி. ஏன்?"

"பால் விட்டா?"

"பால் விடாம யாரு குடிப்பா?"

"அப்ப வேணாம், ஃபெர்கஸ்."

அவன் முகம் சிவந்துவிட்டது. தன்னை வேண்டாம் என்கிறாள் என்று நினைத்துவிட்டான். அவள் அவசரமாக விளக்கினாள். வாய் கொப்பளித்தால் போதாதா என்று கேட்டான். போதாது, சில மணி நேரம் ஆக வேண்டும், நடுவில் வேறு ஏதாவது சாப்பிட்டிருக்க வேண்டும் என்றாள். சொல்லச் சொல்லத் தன் குரல் மருந்துக்கடைக்காரியின் குரலாகிவிட்டதை அவளே கேட்டாள்.

"சரி. டாக்டர்கிட்ட சீட்டு வாங்கிட்டு நாளைக்கு வரேன்" என்றான் அவன். இருவரும் சிரித்தார்கள். சொன்னபடியே மறுநாள் கறுப்புக் காபி மட்டும் குடித்துவிட்டு வந்தான். அந்த நாள் நன்றாகவே இருந்தது.

ஆனால் அதை அவன் சாப்பாட்டு மேசையில் யாரிடமோ சொல்லிவிட்டான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சொல்லத்தக்க கதையாக இருந்தது, சொன்னான். அதற்குப் பிறகு அவன் அந்தப் பக்கம் போனாலே, "என்னடா, விரதம் முடிஞ்சுதா?" என்று ஒரு குரல் கேட்கும். "நெரிடாகிட்ட போகணும்னா முதல் நாள்லேருந்து பட்டினி" என்று இன்னொரு குரல். எல்லோரும் சிரிப்பார்கள். நெரிடாவும் சிரிப்பாள். அப்படிச் சிரித்து வைப்பதுதான் எல்லாவற்றையும்விட அலுப்பாக இருந்தது.

அவளுடைய பிறந்தநாள் அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வந்தது. பிற்பகலில் டார்சி கதவைத் தட்டி, "கீழ வா. எதுவும் கேக்காதே" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பொதுக்கூடத்தில் ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. அவர்கள் மாடிக்காரர்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். நடுமேசையில் ஒரு சாக்லேட் கேக், ஒரு பக்கம் சற்றே சரிந்து, மேலே சிவப்புப் பழங்கள் பதித்து இருந்தது.

டார்சியின் முடியில் மாவு. ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி.

"ஒரு சொட்டுப் பால் கிடையாது. வெண்ணெய்ங்கற பேச்சே கிடையாது. ரெண்டு தடவை செஞ்சு பார்த்துக் குப்பையில போட்டு, அப்புறம் செஞ்சது இது. முதல்ல செஞ்சதுல ஒரு துண்டை ஃபெர்கஸ் தின்னான். இன்னும் உயிரோடதான் இருக்கான்."

"மரக்கட்டை மாதிரி இருந்துது. இது நல்லா இருக்கும்" என்றான் ஃபெர்கஸ்.

நெரிடாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. வேறு யார் சமைத்தாலும், ஒவ்வொரு பொருளின் உறையையும் தானே வாங்கிப் படித்துப் பார்த்தபிறகுதான் வாயில் வைப்பாள். "பாக்கெட் எல்லாம் வச்சிருக்கியா?" என்ற கேள்வி தொண்டைவரை வந்தது. அந்தக் கேள்வியைக் கேட்டால் எதிரில் இருக்கும் முகம் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும். முதலில் ஒரு வாட்டம் வரும், பிறகு "ஆமாமா, கண்டிப்பா பாரு" என்று அவசரமாக ஒரு பெருந்தன்மை வரும். குப்பைத்தொட்டியைக் கிளறுவார்கள். பாட்டு நின்றுபோகும். கொண்டாட்டம் விசாரணையாகிவிடும். எத்தனையோ கொண்டாட்டங்களை அவள் அப்படி விசாரணையாக்கியிருக்கிறாள்.

அன்றைக்கு அவளால் முடியவில்லை. கொடுத்ததை வாங்கித் தின்றுவிட்டு நன்றாயிருக்கிறது என்று சொல்லுகிற சாதாரணப் பெண்ணாக ஒரே ஒரு தடவை இருந்துவிட வேண்டும் என்று தோன்றியது. ஊசிப் பையைக்கூட மாடியில் நாற்காலியிலேயே மாட்டிவிட்டு வந்திருந்தாள். மெழுகுவத்தியை ஊதினாள். டார்சி வெட்டிக் கொடுத்த பெரிய துண்டை வாங்கிக்கொண்டாள்.

கேக் நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது வாயை விழுங்கும்போது கீழுதட்டின் உட்புறம் அரிக்கத் தொடங்கியது.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கணத்தில் முதலில் வந்தது பயமில்லை. 'மறுபடியுமா' என்று ஒரு பெரிய சலிப்புத்தான் வந்தது. நெடுந்தூரம் நடந்து வீட்டு வாசலுக்கு வந்தவனிடம் சாவி இல்லை என்பதுபோல. பயம் அதற்குப் பின்னால், தொண்டை சுருங்கியபோது வந்தது.

"என் ரூம்ல, நாற்காலியில, பை" என்றாள். "ஃபெர்கஸ். ஓடு."

ஃபெர்கஸ் ஓடினான். அவள் தானாகவே தரைவிரிப்பில் மல்லாந்து படுத்தாள். யாரோ அவளைத் தூக்கி உட்காரவைக்க வந்தார்கள், தண்ணீர் கொண்டுவந்தார்கள். இரண்டையும் வேண்டாம் என்று கையசைத்தாள். நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ ஈரத்துணியைத் திணிப்பதுபோல் இருந்தது. "ஆம்புலன்சுக்கு அடிங்க. பால் அலர்ஜின்னு சொல்லுங்க, மூச்சு அடைக்குதுன்னு சொல்லுங்க" என்று விட்டுவிட்டுச் சொன்னாள். அங்கே இருந்தவர்களில் நிதானமாக இருந்தவள் அவள் ஒருத்திதான்.

"கேக்ல எதுவும் இல்ல. சத்தியமா எதுவும் இல்ல, நெரி" என்று டார்சி திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பை வந்தது. நெரிடா ஊசியை எடுத்து, ஜீன்ஸ் துணியோடு சேர்த்துத் தொடையில் அழுத்திப் பிடித்தாள். அது போதவில்லை. இரண்டாவது ஊசியைப் போடும்போது கையில் பலமில்லை. ஃபெர்கஸ் அவள் கைமேல் தன் கையை வைத்து அழுத்தினான். ஆம்புலன்ஸ்காரர் வந்து முகத்தில் ஆக்சிஜன் முகமூடியை மாட்டினார். மேசையைப் பார்த்துவிட்டு, "பொறந்தநாளா? நல்லாத்தான் கொண்டாடியிருக்கீங்க" என்றார். அந்தச் சாதாரணக் குரல் அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் அவளைக் கண்காணிப்பில் வைத்தார்கள். வீக்கம் வடிந்து, குரல் கரகரவென்று திரும்பி வந்தபோது டார்சி கட்டிலருகே நின்றாள். கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா.

"இதுதான். வெண்ணெய்க்குப் பதிலாப் போடற மார்ஜரின், பால் இல்லாததாப் பார்த்து வாங்கினது, பத்தல. பொது ஃபிரிட்ஜ்ல இது இருந்துது. அதே மஞ்சள், அதே மாதிரி டப்பா. வெண்ணெய் இல்லையே, மார்ஜரின்தானேன்னு ரெண்டு ஸ்பூன் எடுத்துப் போட்டுட்டேன். இதுல பால் பவுடர் இருக்காம். பின்பக்கம் போட்டிருக்கு. நான் பார்க்கல, நெரி. மத்ததெல்லாம் பார்த்தேன். இதைப் பார்க்கல." அதற்குமேல் பேச முடியாமல் அழுதாள்.

அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது நெரிடாவுக்குத் தெரியும். எப்போதும் அதைத்தான் செய்திருக்கிறாள். சிறுவயதில் தோழியின் அம்மா அழுதபோது அவரைத் தேற்றினாள். ஒருமுறை ஓட்டல்காரர் அழுதார், அவரையும் தேற்றினாள். 'உங்க மேல தப்பில்ல, எனக்கு ஒண்ணும் ஆகல பாருங்க' என்று பிழைத்தவளே சுற்றி நிற்பவர்களுக்கெல்லாம் சமாதானம் சொல்ல வேண்டும். அன்று வாயைத் திறந்தாள். அந்தச் சொற்கள் வரவில்லை.

"டார்சி, என்னால இப்ப உன்னைத் தேத்த முடியாது" என்றாள். "நாளைக்குத் தேத்தறேன். இப்ப எனக்குத் தூங்கணும்."

டார்சி மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையாட்டினாள். போகவில்லை. அழுகையை அடக்கிக்கொண்டு சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மறுநாள் காலைக் கறவையை முடித்துவிட்டு வெஸ் பாஸ்கோ தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வண்டி ஓட்டிக்கொண்டு வந்தார். பிற்பகல் கறவையை ரூத்தும் கூலியாளும் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. அவர் உள்ளே வந்தபோது சட்டையில் மடிப்புக் கோடுகள் அப்படியே இருந்தன. காலரில் கடை அட்டையை மாட்டியிருந்த பிளாஸ்டிக் நூல் தொங்கியது. வண்டியில் பால் வாடை இருக்கும் என்று பயந்து, வழியில் புதுச் சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

"கட்டிப்பிடிக்கலாமா?" என்று கதவருகிலேயே நின்று கேட்டார்.

"வாங்கப்பா."

அவர் வந்து கட்டிக்கொண்டார். பிறகு வீட்டிலிருந்து கொண்டுவந்த பெட்டியைத் திறந்தார். குளிர்ந்த ஆட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, ரூத் கையால் சுட்ட ரொட்டி. அவள் உறையும் பார்க்காமல் எதுவும் கேட்காமல் தின்றாள். அவர் அவள் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்கு வந்துடு, நெரி. படிப்பைப் போஸ்ட்ல படிக்கலாமாம். அம்மா விசாரிச்சா."

"அங்க வந்தா மட்டும் என்னப்பா? அங்க பால் ஆறா ஓடுது."

"ஓடுது. ஆனா அங்க நாங்க பாத்துக்குவோம்."

"எத்தனை வருஷம் பாத்துக்குவீங்க?"

வெஸ் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"சாவுக்குப் பயமாப்பா எனக்கு? அப்படித்தான் எல்லாரும் நினைக்கறாங்க. அது எப்பவாவது வர்ற பயம். ஊசி இருக்கு, ஆம்புலன்ஸ் இருக்கு. எனக்கு முடியாம போறது மத்த நாளுங்கதான். கேக்கணும், சொல்லணும், மறுபடி சொல்லணும், அவங்க பாவப்பட்டா சிரிக்கணும், கிண்டல் பண்ணா அதுக்கும் சிரிக்கணும். நேத்து தெரிஞ்சேதான் கேக்காம தின்னேன். கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு, அதான் தின்னேன்."

வெஸ் இதைக் கேட்டு அதிர்ந்துதான் போனார். திட்ட வேண்டும் என்று வாயெடுத்தார். அவள் கண்ணின் கீழ் இன்னும் வடியாத வீக்கத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

"நான் என்ன செய்யணும்னு சொல்லு. செய்யறேன்."

"எதுவும் வேணாம். அம்மாகிட்ட மட்டும் சொல்லுங்க. போன் எடுத்ததும் ஊசி இருக்கான்னு கேக்க வேணாம். முதல்ல மாடு கன்னு எப்படி இருக்குன்னு ஏதாவது பேசட்டும். அப்புறம் கேக்கட்டும்."

"அது அவளுக்குக் கஷ்டம்" என்றார் வெஸ். "சொல்லிப் பாக்கறேன்."

அவர் தனியாகத் திரும்பிப் போனார். அவள் விடுதிக்குப் போனாள்.

விடுதியில் எல்லாம் மாறியிருந்தது. விடுதித் தலைவர் ஹியூ நல்ல மனிதர். நடந்ததில் அரண்டுபோய், பொதுக்கூடத்தில் பாலும் சீஸும் கூடாது என்று உத்தரவு போட்டிருந்தார். வெள்ளிக்கிழமை பீட்சா நின்றுவிட்டது. யாரும் அவள் முகத்துக்கு நேரே எதுவும் சொல்லவில்லை. ஆனால் மாடிப்படியில் அவளுக்கு முன்னால் இறங்கிப்போன இரண்டு பேர், "ஒருத்திக்காக எல்லாரும் பட்டினியா?" "அவ ரூம்லயே தின்னா என்ன?" என்று பேசிக்கொண்டு போனது காதில் விழுந்தது. அவளுக்குக் கோபம் வரவில்லை. அவர்கள் இடத்தில் இருந்தால் தானும் அப்படித்தான் பேசியிருப்பாள் என்று பட்டது.

ஃபெர்கஸ் அறைக்கு வந்து மன்னிப்புக் கேட்டான். விரதக் கதையை வெளியில் சொன்னதற்காக. பிறகும் சில நாள் வந்தான். ஆனால் தரையில் வீங்கிக் கிடந்த அவள் முகத்தை அவனால் மறக்க முடியவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் கையை எங்கே வைப்பது என்று யோசித்தான். ஒரு நாள் அவன் கதவைத் திறக்குமுன் கைப்பிடியைத் துடைப்பதைப் பார்த்துவிட்டு, "போதும், ஃபெர்கஸ். என்னைப் பார்த்தா உனக்குப் பயமா இருக்கு" என்றாள் அவள். அவன் மறுக்கவில்லை. "கொஞ்சம்" என்றான். அத்தோடு அது முடிந்தது. அதற்காக அவள் அழுதாள், அதிகமில்லை.

டார்சிதான் பெரிய தொல்லையாகிப்போனாள். நெரிடா எங்கே போனாலும் ஓரடி முன்னால் போனாள். சமையலறை ஜன்னலில் கிளெனிஸையே குறுக்கு விசாரணை செய்தாள். மேசைகளைத் துடைத்தாள். புல்தரையில் ஐஸ்க்ரீம் தின்றுகொண்டிருந்த ஒரு பையனைப் பார்த்து, "தள்ளிப் போய்த் தின்னு, கொலைகாரா" என்று கத்தினாள். அவன் கையிலிருந்த கூம்பு நழுவிக் கீழே விழுந்தது. அன்றைக்குத்தான் நெரிடா வெடித்தாள்.

"எனக்குக் காவல் நாய் வேணாம், டார்சி."

"உன் நல்லதுக்குத்தான்."

"எனக்காக இல்ல, உனக்காக. நீ குத்தம் பண்ணிட்டேன்னு உனக்கு உறுத்துது, அதைக் கழுவறதுக்கு என்னைப் போட்டுத் தேய்க்கற."

டார்சி முகம் வெளுத்தது. "அப்ப நான் என்ன செய்யணும்? நடக்காத மாதிரி இருக்கணுமா?"

"தெரியல. கேளு, நான் ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு எனக்குக் கேக்கத் தோணுச்சு. டப்பாவைக் காட்டுன்னு வாய் வரைக்கும் வந்துது. உன் முடியில மாவு இருந்துது, விரல்ல பிளாஸ்திரி. கேக்கலை."

"ஏன்? கேட்டா கோவிச்சுப்பேன்னு நினைச்சியா?"

"ஆமா."

"கோவிச்சிருப்பேன்தான்" என்றாள் டார்சி. "அரை மணி நேரம் மூஞ்சியைத் தூக்கி வச்சிருப்பேன். அதுக்காகச் சாகப் பார்த்தியா, மடச்சி?"

இருவரும் புல்தரையில் உட்கார்ந்தார்கள். அந்த ஐஸ்க்ரீம் பையன் தூரத்திலிருந்து பயத்தோடு பார்த்துக்கொண்டிருந்தான். டார்சி போய் அவனுக்கு இன்னொன்று வாங்கிக் கொடுத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

ஆண்டு முடிந்ததும் நெரிடா விடுதியை விட்டுவிட்டாள். தெற்கு ஹோபார்ட்டில், ஏறும்போது மூச்சு வாங்கும் ஒரு செங்குத்துத் தெருவில், பழைய மரவீடு ஒன்று வாடகைக்குக் கிடைத்தது. சுவரில் ஈரம் பூத்திருக்கும், குளிருக்கு ஜன்னல் இடுக்குகளில் துணி அடைக்க வேண்டும். ஆனால் சமையலறை அவளுடையது. முதல் நாள் எல்லாச் சட்டிகளையும் கரண்டிகளையும் புதிதாக வாங்கி அடுக்கிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு அலமாரியில் கைக்கு அகப்பட்டதை எடுத்துத் தின்றுபார்த்தாள். உப்புப் பிஸ்கட். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

இரண்டு வாரம் தனியாக இருந்தாள். நிம்மதியாக இருந்தது, ஆனால் பேச ஆளில்லை. ஒரு சனிக்கிழமை டார்சி தன் மூட்டையோடு வந்து நின்றாள்.

"உன் இன்னொரு ரூம் காலியா இருக்குல்ல. சீஸ் எல்லாம் வெளியிலயே மூக்கு முட்டத் தின்னுட்டு, பல் தேச்சுட்டு, சட்டை மாத்திட்டு வரேன். துப்பறிய மாட்டேன். என்ன சொல்ற?"

"பாத்திரம் யாரு கழுவறது?"

"நீதான்."

"அப்ப முடியாது."

"சரி, நான்" என்று உள்ளே வந்துவிட்டாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. கோடை வகுப்பிலும் சாக்லேட் சுற்றி வந்தது. காபிக் கடையில் இன்னும் விளக்க வேண்டியிருந்தது. டார்சி ஒருமுறை மறந்துபோய் ஒரு கேக் பொட்டலத்தோடு வாசல்வரை வந்துவிட்டு, தெருவிலேயே நின்று முழுவதையும் தின்று தீர்த்தாள். ரூத் போனில் முதலில் வானிலை பற்றி இரண்டு வார்த்தை பேசக் கற்றுக்கொண்டாள். மூன்றாவது வார்த்தை ஊசிதான். களைப்பு போகவில்லை. ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்து பையை இறக்கி வைப்பதற்கு ஓரிடம் இருந்தது.

பிப்ரவரியில் புது மாணவர்கள் வரும் வாரத்துக்கு முன் ஹியூ போன் செய்தார். விடுதிக்கு வரும் புதியவர்கள், சமையலறை ஆட்கள், மாடித் தலைவர்கள் எல்லோரும் இருக்கும் கூட்டத்தில் நெரிடா வந்து நடந்ததைப் பேச வேண்டும் என்று கேட்டார். இந்த வருடம் மட்டும் உணவு ஒவ்வாமையோடு எத்தனையோ பேர் வருகிறார்கள், அவள் வாயால் கேட்டால் மனதில் தைக்கும் என்றார்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்று போனை வைத்தவள், யோசிக்கவே இல்லை. மேசையில் தலையைச் சாய்த்தாள். "என்னால முடியாது, டார்சி. நல்ல காரியம்தான். போகணும்தான். ஆனா இன்னொரு தடவை அதே கதையை, அத்தனை முகத்தைப் பார்த்து... முடியாது."

டார்சி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை நிறுத்தினாள்.

"நான் போறேன்."

"நீயா?"

"அந்த மார்ஜரினைப் போட்டவ நான்தானே. சாப்பிட்டவ வந்து சொன்னா எல்லாரும் பாவம்னுவாங்க, அவ்வளவுதான். அங்க உக்காந்திருக்கப் போறவங்கள்ல முக்காவாசிப் பேர் என்னை மாதிரி. நல்ல மனசு, அரைகுறைப் புத்தி. அவங்களுக்கு நான் சொன்னாத்தான் உறைக்கும்." துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, "உன் பேரைச் சொல்லட்டுமா, வேணாமா?" என்று கேட்டாள்.

நெரிடா கொஞ்சம் யோசித்தாள். "வேணாம்."

கூட்டத்தன்று டார்சி தன்னிடம் இருந்ததிலேயே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, வழக்கறிஞர்போலத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தெருவில் இறங்கிப்போனாள். நெரிடா பின்வாசலுக்கு வெளியே அடுப்பை வைத்து, கறிக்கடையில் தானே பார்த்து வாங்கிவந்த சாசேஜ்களை வெங்காயத்தோடு வதக்கினாள். வெயில் இதமாக இருந்தது. இந்நேரம் அங்கே டார்சி பேசிக்கொண்டிருப்பாள். யாரோ புருவத்தை உயர்த்துவார்கள், யாரோ பாவம் என்பார்கள், அதற்கெல்லாம் அவள் பதில் சொல்லிக்கொண்டிருப்பாள். தான் அங்கே இருக்க வேண்டியதில்லை என்பதை நெரிடா மெதுவாக நினைத்துப் பார்த்தாள். அடுப்பை அணைத்துவிட்டுப் படியிலேயே காலை நீட்டிச் சாய்ந்தவள் தூங்கிப்போனாள்.

டார்சி திரும்பி வந்து அவளைத் தாண்டிக்கொண்டு உள்ளே போகும்போதுதான் கண்விழித்தாள். கூட்டம் எப்படி நடந்தது என்று நெரிடா கேட்கவில்லை. டார்சியும் சொல்லவில்லை. தட்டெடுத்து வந்து, ஆறிப்போன சாசேஜை வெறும் கையால் எடுத்துக் கடித்தபடி, "உப்பு கம்மி" என்றாள்.

"உள்ள இருக்கு. எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டு நெரிடா மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.